மேசைப்பந்தும் கால்வன்மையும்

மேசைப்பந்தாட்டம் மழைநாளிற் பொழுது போக்குதற்குரிய அறை விளையாட்டேயன்றித் தேகாப்பியாசத்தை வேண்டுவதன்று என எண்ணுவோர் நம் கலாசாலையில் இன்னும் உளர். அவ்வெண்ணம் வேடிக்கை பார்ப்போரிடத்து மாத்திரம் இருப்பின் நாம் இதனை எழுதப் புகோம். ஆடுவோரிடத்தும் அது வேரூன்றியிருத்தலே நம் கவலைக்குக் காரணம்.

மாலைதோறும் மேசையண்டை நின்று பந்தடிக்கும் நம் தோழர், மட்டையைக் கீழே வைத்தபின் யாது செய்கின்றனர்? பலர் ஒன்றும் செய்வதிலர். ஊக்கமுடைய சிலர் தாம்பரத்துச் செம்மண் பாதைகளில் நெடுந்தூரம் மெல்ல ஓடி வருகின்றனர். அவ்வோட்டம் நெஞ்சுக்கு நன்று. அதனை நாம் பழிக்கவில்லை. ஆயினும் அவர்கள் நாடும் பயன் அதனால் விளைவதன்று.

தசை தன் முழு வலிமையையும் வெளிப்படுத்த ஏறக்குறைய ஒரு நொடியிற் பத்தில் மூன்று பங்கு வேண்டும். சில சமயம் அதனினும் மிகுதி வேண்டும். 2.74 மீட்டர் நீளமேயுள்ள மேசையில் எதிரியின் அடிக்கு விடையளிப்போர்க்கு அவ்வளவு அவகாசம் ஏது? ஆகவே ஒருவரிடம் எவ்வளவு வலிமை உண்டு என்பதினும், அது எத்துணை விரைவில் வெளிப்படும் என்பதே ஆட்டத்தைத் தீர்ப்பது. இதனை வெடிப்பு வலிமை என்பர். அது தோளிற் பிறப்பதன்று. பாதம் தரையை உந்த, இடுப்பு திரும்ப, அவ்வேகம் தோள்வழியே மணிக்கட்டைச் சேர்கின்றது. கால் உறங்கினால் கையொன்றே அதன் வேலையையும் சுமந்து வருந்தும். சடுகுடு ஆடியறிந்தார்க்கு இது புதிதன்று. பாடிச் செல்வோன் கணத்தில் எட்டித் தொட்டு மீள்வது இவ்வலிமையாலன்றோ?

சென்னையிற் பிறந்த சரத் கமல் 2006இல் மெல்போர்னில் வென்ற காமன்வெல்த் ஒற்றையர் தங்கத்தை 2022இல் பர்மிங்காமில் மீண்டும் வென்றார். அப்போது அவருக்கு வயது 40. இறுதியாட்டத்தில் அவர் வென்ற லியம் பிட்ச்ஃபோர்டோ பத்து வயதுக்கு மேல் இளையவர். கைத்திறன் ஒன்றே இதற்குப் போதியதாயிற்று என்று நம்மால் நம்பக்கூடவில்லை.

பயிற்சியோ எளிது. முதலிற் சில வாரம் பஸ்கி எடுத்து முழங்காலை உறுதிப்படுத்துக. பின்னர் நின்ற இடத்தினின்று மேலே குதித்தல், பக்கவாட்டில் தாவி உடனே திரும்பித் தாவுதல், இரண்டு கிலோக் கனப்பந்தை இடுப்பைத் திருப்பி எறிதல் ஆகியவற்றைச் செய்க. ஒவ்வொன்றும் ஐந்தாறு முறையே. ஆனால் முழு வேகத்தோடு. பிறகு இரண்டு நிமிஷம் இளைப்பாறுக. இங்கேதான் நம்மவர் தவறுகின்றனர். வியர்வையே பயிற்சிக்கு அளவுகோல் என மயங்கி, ஐம்பது முறை குதித்துக் களைக்கின்றனர். களைத்த கால் மெல்லக் குதிக்கும். மெல்லக் குதிக்கும் கால் மெல்லக் குதிக்கவே பழகும். ஓசை எழத் தரையில் விழுவதும் தீது. முழங்கால் மடங்க, பூனைபோல் இறங்குதல் வேண்டும்.

இதற்குச் சிமெண்டுத் தரையினும் மண்தரை நன்று. ஜார்ஜ் டவுனின் நெருக்கத்தை விட்டு 1937இல் தாம்பரம் வந்து சேர்ந்த நம் கலாசாலையில் மண்ணுக்கா பஞ்சம்? நேரமில்லை என்பாரும் உளர். அவர்கள் மேசை எப்பொழுது ஒழியுமென்று சுவரிற் சாய்ந்து காத்து நிற்கும் அரைமணி நேரத்தை நாம் பன்முறை கண்டிருக்கின்றோம். வாரத்தில் இரண்டு நாள் அவ்வரைமணியை, உடல் களைக்குமுன், மரநிழலிற் செலவிடுமாறு விளையாட்டுக் குழுவினர் ஏற்பாடு செய்வாராயின், அடுத்த பருவத்துப் போட்டிகளுக்கு முன்பே தொடங்கிவிடலாம். கனப்பந்து இரண்டு வாங்கினாற் போதும்.