வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை

“ஆல்டர்னேட்டர் போயிருச்சு. பதினாலாயிரம் ஆகும். வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டா வேலையை ஆரம்பிச்சிரலாம் மேடம்.”

மதுரையில் ஒரு பட்டறையில் எனக்குச் சொல்லப்பட்டது இது. கார் என் பெயரில் இருக்கிறது. கடனைக் கட்டியது என் சம்பளம். பதினோரு வருடமாக ஓட்டுவதும் நான்தான். என் கணவரிடம் ஓட்டுநர் உரிமம்கூடக் கிடையாது. ஆனாலும் அவருக்குத்தான் போன் போடவேண்டியிருந்தது. ஆல்டர்னேட்டர் என்ற சொல்லையே அன்றுதான் கேள்விப்பட்ட மனிதர், “சரி, மாத்திருங்க” என்றார். அவருக்குத் தெரியாதது யாருக்கும் பிரச்சினையாக இல்லை. எனக்குத் தெரியாததை மட்டும் நான் பெண் என்பதன் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

அதற்கு ஒரு மாதம் முன்பு, துவரங்குறிச்சி தாண்டி இரவு ஒன்பது மணிக்கு டீ குடிக்க நிறுத்திய வண்டி செல்ஃப் எடுக்கவில்லை. பின்சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு வேன் ஓட்டுநர் ஜம்பர் கேபிள் போட்டுக் கிளப்பிக் கொடுத்தார். மறுநாள் அதே பட்டறையில் புது பேட்டரி மாட்டினார்கள். மாதம் திரும்புவதற்குள் மறுபடி அதே கதை. இப்போது ஆல்டர்னேட்டராம்.

“யோசிச்சுச் சொல்றேன்” என்று வண்டியை வீட்டுக்கு எடுத்து வந்தேன். சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன்.

என்ன செய்தேன் என்பதை அப்படியே எழுதுகிறேன். இது யாருடைய பரம்பரைச் சொத்தும் இல்லை.

இரவு முழுக்க நின்ற வண்டியில், மீட்டரை 20 வோல்ட் டிசி-க்குத் திருப்பி, பேட்டரியின் இரண்டு ஈயக் கம்பங்களிலும் முனைகளை வைக்க வேண்டும். 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12 அல்லது அதற்குக் கீழே என்றால் பெரும்பாலும் வற்றிவிட்டது. அடுத்து, வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இன்ஜினைக் கிளப்ப வேண்டும். இப்போது 13.8-லிருந்து 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுகிறது. ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டு, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தும் 12 சொச்சத்திலேயே நின்று இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் வந்து சேரவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைச் சந்தேகிக்கலாம். சில புதிய கார்களில் சார்ஜைக் கணினியே கூட்டிக் குறைக்கும். அங்கே ஒருமுறை பார்த்து முடிவு கட்டக் கூடாது. ஓடும் இன்ஜினில் பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய ‘டெஸ்ட்’ வேண்டவே வேண்டாம். மின்னழுத்தம் எகிறி, வண்டியின் கணினியையே பொசுக்கிவிடலாம்.

என் வண்டியில் இன்ஜின் ஓடும்போது ஈயக் கம்பங்களில் 12.3 காட்டியது. பட்டறைக்காரர் சொன்னது சரிதானோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. பிறகு மீட்டர் முனையைக் கம்பத்திலிருந்து எடுத்து, அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பில் வைத்தேன். 14.2. ஆல்டர்னேட்டர் நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது. அது அனுப்பிய மின்சாரம் பேட்டரிக்குள் போகவில்லை. கம்பத்துக்கும் கிளாம்புக்கும் நடுவே வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. புது பேட்டரி மாட்டியவர்கள் பழைய கிளாம்பைச் சுரண்டிக்கூடப் பார்க்கவில்லை.

இன்ஜினை அணைத்தேன். முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் என்று கழற்றினேன். சமையல் சோடா கரைத்த நீர், பழைய பல்துலக்கி, உப்புத்தாள், பத்தாம் நம்பர் ஸ்பேனர். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். மொத்தம் அரை மணி நேரம்.

வேலைக்கு முன் இன்னொன்றையும் கழற்றினேன்: வளையல், மோதிரம், தாலிச் சங்கிலி. பேட்டரி மேல் குனியும்போது தொங்கும் உலோகம் பாசிட்டிவையும் வண்டியின் பாடியையும் சேர்த்துத் தொட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்து தோலைச் சுடும். கழற்றவே கூடாது என்று நமக்குச் சொல்லித்தந்தவற்றை அணிந்துகொண்டு செய்ய முடியாத வேலைகளை யார் ஆண்களின் வேலையாக்கினார்கள் என்று அன்று யோசித்தேன்.

கார் ஆண்களின் பொருளாகவே பிறக்கவில்லை. 1888-இல் மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம்வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் முதன்முதலாகக் காரில் நெடும்பயணம் போனவர் பெர்த்தா பென்ஸ். வழியில் அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தன் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தவரும் அவரே. 1912-இல் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர் காடிலாக் காரில் வந்தபோது, கைப்பிடி சுற்றத் தேவையில்லாததால் இனிப் பெண்களும் ஓட்டலாம் என்றே கார்களை விற்றார்கள். பெண்களைக் காட்டித்தான் அந்தப் பேட்டரிக்கே சந்தை பிடித்தார்கள். அதில் எத்தனை வோல்ட் என்று கேட்டால் மட்டும் வீட்டுக்காரரைக் கூப்பிடச் சொல்கிறார்கள்.

“ஏற்கெனவே வீட்டு வேலை, ஆபீஸ் வேலை. இதையும் நாமே சுமக்கணுமா?” என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. ஸ்பேனர் பிடிக்க விருப்பமில்லாதவர்கள் பிடிக்க வேண்டாம். மெக்கானிக்கின் உழைப்புக்குக் கூலி கொடுக்க நானும் மறுக்கவில்லை. மார்ச் 8-ஆம் தேதி இளஞ்சிவப்பு டீசர்ட் போட்டு டயர் மாற்றும் போட்டோவும் எனக்கு வேண்டாம். நான் கேட்பது ஒன்றுதான்: பணம் கொடுப்பவளிடம் காரணத்தைச் சொல்லுங்கள். அளந்து பாருங்கள், அளந்ததை அவளிடமே காட்டுங்கள்.

மறுவாரம் பட்டறைக்குப் போய்க் கேட்டேன்: “அண்ணே, அன்னைக்கு இன்ஜின் ஓடும்போது எத்தனை வோல்ட் காட்டுச்சு?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “மீட்டர் வெக்கலை மேடம்” என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. பொய்யும் சொல்லவில்லை. ஒரு பெண்ணிடம் 14,000 ரூபாய் கேட்பதற்கு முன் அளந்து பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு அதுவரை வந்ததே இல்லை, அவ்வளவுதான். அந்த அவசியத்தை நாம்தான் உண்டாக்க வேண்டும். உங்கள் வண்டி காராக இருந்தாலும் ஸ்கூட்டராக இருந்தாலும், அடுத்த முறை பட்டறை வாசலில் யாருக்கும் போன் போடாதீர்கள். எத்தனை வோல்ட் என்று கேளுங்கள். பதில் வரும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள்.