பதினோராவது பொருத்தம்

தினம், கணம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசி அதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதைன்னு பத்துப் பொருத்தம் பாத்து, "பத்துக்கு எட்டு தேறிடுச்சு"ன்னு தட்டு மாத்திக்கிற ஊரு நம்ம ஊரு. பையனுக்கு என்ன சம்பளம், பொண்ணுக்கு சமைக்கத் தெரியுமா, சொந்த வீடா வாடகை வீடான்னு எல்லாம் தோண்டித் துருவி விசாரிப்பாங்க. "பையன் குறட்டை விடுவானா?"ன்னு கேட்ட பொண்ணு வீட்டை நான் பாத்ததில்லை. "பொண்ணு தூக்கத்துல காலை உதைக்குமா?"ன்னு கேட்ட பிள்ளை வீட்டையும் பாத்ததில்லை. வாழ்க்கையில மூணுல ஒரு பங்கு தூக்கத்துல போகுது. அந்த ஒரு பங்கை ஜோசியரும் கேக்கல, தரகரும் கேக்கல.

எங்க வீட்டு ரங்கமணிக்கும் எனக்கும் பத்துல ஒன்பது பொருத்தம். பதினோராவதான தூக்கப் பொருத்தம் மட்டும் 17 வருஷமா இடிக்குது :-)

நான் இந்தப் பதிவுல சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான் மக்களே. குறட்டை சத்தத்துக்கு பயப்படாதீங்க. அந்தச் சத்தம் நடுவுல திடீர்னு நின்னு போகுது பாருங்க, அந்த அமைதிக்கு பயப்படுங்க. அதைக் கேக்கக்கூடிய ஒரே ஆள் பக்கத்துல படுத்திருக்கிற நீங்கதான்.

நமக்கு குறட்டைன்னாலே சிரிப்புதான். கும்பகர்ணன்ல ஆரம்பிச்சு சினிமா காமெடி டிராக் வரைக்கும் அதே கதை. இதை காமெடியன்கிட்டேர்ந்து பிடுங்கி ஹீரோவுக்கே கொடுத்த படம்னா 2023ல வந்த 'குட் நைட்'. மணிகண்டன் நடிச்ச அந்தப் பாத்திரத்துக்கு 'மோட்டார் மோகன்'னு பட்டப்பேரு. சிரிச்சுக்கிட்டே பாக்கலாம், ஆனா ஒரு குறட்டைக்காரன் எவ்வளவு கூசிப் போறான்னு அதுல தெரியும். வெள்ளைக்காரங்க மட்டும் என்னவாம்? 1836ல தொடரா வர ஆரம்பிச்ச சார்லஸ் டிக்கன்ஸோட 'பிக்விக் பேப்பர்ஸ்' கதையில ஜோன்னு ஒரு குண்டுப் பையன், நின்ன இடத்துல தூங்கிக் குறட்டை விடுவான். ஊரே சிரிச்சுது. 120 வருஷம் கழிச்சு, 1956ல டாக்டருங்க, அதிக உடம்பும் தூக்க மயக்கமுமா வந்த ஒரு நோயாளியைப் பத்தி எழுதும்போது 'பிக்விக்கியன் சிண்ட்ரோம்'னே பேரு வச்சாங்க. காமெடின்னு நெனச்சது வியாதி.

சரி, சத்தம் எப்படி வருது? முழிச்சிருக்கும்போது தொண்டையைச் சுத்தி இருக்கிற தசையெல்லாம் விறைப்பா நின்னு காத்து போற வழியைத் திறந்து வச்சிருக்கும். தூங்கினா தளர்ந்துடும். வழி குறுகினதும் மேலண்ணத்தோட பின்பக்கச் சதையும் உள்நாக்கும் காத்துல அடிச்சுக்கும். கொடியில காயற வேட்டி படபடன்னு அடிச்சுக்குமே, அந்த சங்கதிதான். மல்லாந்து படுத்தா நாக்கும் பின்னால சரியும், சத்தம் கூடும். தண்ணி அடிச்சாலோ தூக்க மாத்திரை போட்டாலோ தசை இன்னும் தளரும், இன்னும் கூடும்.

வழி குறுகறதுக்கு பதிலா மொத்தமா அடைச்சுக்கிட்டா? சத்தம் நின்னுடும். நெஞ்சும் வயிறும் மூச்சை இழுக்கப் போராடும், ஆனா காத்து உள்ள போகாது. ரத்தத்துல ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறிப் போய் அரைகுறையா எழுப்பிவிடும். ஒரு பெரிய திணறலோட மூச்சு திரும்பும், மறுபடி குறட்டை தொடங்கும். படுத்திருக்கிறவருக்கு காலைல இதுல ஒண்ணுமே ஞாபகம் இருக்காது. இதுக்குப் பேருதான் ஸ்லீப் ஆப்னியா. 10 வினாடிக்குக் குறையாம மூச்சு நின்னாலோ ரொம்பக் கொறஞ்சாலோ ஒரு தடவைன்னு கணக்கு. மணிக்கு 5 தடவைக்குக் கீழன்னா சாதாரணம், 5லேர்ந்து 15 வரைக்கும் லேசு, 30 வரைக்கும் நடுத்தரம், அதுக்கு மேல தீவிரம். கவனிக்காம விட்டா ரத்த அழுத்தம், இதயத் துடிப்புல கோளாறு, பக்கவாதம்னு வரிசையா ஆபத்து இருக்கு. பகல்ல வண்டி ஓட்டும்போது கண்ணைச் சொக்கறது தனி.

எங்க வீட்டுல சத்தம் நின்ன ஒரு ராத்திரி, செல்போனைப் பாத்து எண்ணினேன். 22 வினாடி. அப்புறம் தண்ணியில முங்கினவன் மேல வந்த மாதிரி ஒரு மூச்சு. அரை மணி நேரத்துல இதே மாதிரி பதினோரு தடவை. மாமியார் காலைல கேட்டாங்க, "உழைச்சுக் களைச்சு வந்து அசந்து தூங்கற புள்ளையை ஏம்மா எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கே?" அத்தை சொன்னதுல பாசம் இருக்கு, தப்பு சொல்ல மாட்டேன். ஆனா இந்த 'அசந்து தூங்கறான்'ங்கிற வார்த்தைதான் நம்ம வீடுகள்ல எத்தனையோ பேரை டாக்டர்கிட்ட போக விடாம வச்சிருக்கு. அசந்து தூங்கினவன் காலைல தலைவலியோட ஏன் எழுந்திரிக்கணும்? சிக்னல்ல வண்டி நிக்கும்போது ஏன் கண்ணயரணும்? பைக்ல பின்னாடி எங்க பொண்ணை உக்கார வச்சு டியூஷனுக்குக் கூட்டிட்டுப் போறவர் அவர்தான். எனக்கு என் தூக்கம் போனதை விட அதுதான் வயித்தைக் கலக்குச்சு.

மூணு ராத்திரி வீடியோ எடுத்தேன். காப்பியோட சேத்துப் போட்டுக் காட்டினேன். "இது நான் இல்ல"ன்னாரு. என்னங்க, நம்ம கட்டில்ல உங்க லுங்கி கட்டிக்கிட்டு வேற யாரு படுத்திருப்பா? அவ்வ்வ்...

இந்த இடத்துலதான் எனக்கும் என் தோழிகளுக்கும் சண்டை. எல்லாரும் சொன்ன ஒரே யோசனை, "நீ ஹால்ல போய் படுத்துக்கோ, பிரச்சினை தீர்ந்துது". தனியா படுக்கிறதுக்கு நான் எதிரி இல்லை, அதைப் பத்தி கீழ சொல்றேன். ஆனா அதை முதல் வேலையா செய்யக்கூடாதுங்கிறது என் கட்சி. நீங்க எழுந்து ஹாலுக்குப் போயிட்டா உங்க தூக்கம் தப்பிக்கும், ஆனா அந்த ரூம்ல இருந்த ஒரே சாட்சி வெளிய வந்தாச்சு. அதுக்கப்புறம் மூச்சு நிக்கறது யாருக்குத் தெரியும்?

டாக்டருங்களே இந்த சாட்சியைத்தான் தேடறாங்க. கனடாவுல டொரன்டோவிலேர்ந்து 2008ல வந்த 'ஸ்டாப்-பேங்'னு எட்டு கேள்விப் பட்டியல் இன்னிக்கும் புழக்கத்துல இருக்கு. குறட்டை, பகல் களைப்பு, ரத்த அழுத்தம், எடை, வயசு, கழுத்துச் சுத்தளவு, ஆணா பெண்ணான்னு ஏழு கேள்வியை அவரே சமாளிச்சிடலாம். மிச்சம் ஒண்ணு, "நீங்க தூங்கும்போது மூச்சு நிக்கறதை யாராவது பாத்தாங்களா?" அதுக்கு பதில் உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு.

அப்போ பெண்கள் குறட்டை? அதுக்கு சாட்சியே கிடையாது. ஆம்பளை விட்டா காமெடி, பொம்பளை விட்டா அசிங்கம். ரயில்ல ராத்திரி முழுக்க உக்காந்தே வர்ற அக்காங்களை எனக்குத் தெரியும், சத்தம் வந்துடுமோன்னு பயம். மாதவிடாய் நின்னதுக்கப்புறம் பெண்களுக்கும் இது நல்லாவே கூடுது. பல பேருக்கு பெரிய சத்தமா வராது. தூக்கமின்மை, சோர்வு, காலைத் தலைவலின்னு வரும். "வயசாச்சு, ரத்தம் கம்மி, தைராய்டா இருக்கும்"னு சுத்திச் சுத்தி வருவாங்க. ரங்கமணிகளே, நீங்க போர்வையை இழுத்துப் போத்திக்கிறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் காது கொடுங்க.

புரண்டு படுக்கிறது, உதைக்கிறதும் இதே கணக்குதான். படுத்தா காலுக்குள்ள குறுகுறுன்னு, அசைச்சாதான் நிம்மதின்னா, இரும்புச்சத்து குறைஞ்சிருக்கான்னு ஒரு ரத்தப் பரிசோதனை பாக்கலாம். கனவுல நடக்கிற சண்டையை நிஜத்துல போடறது, கத்தறது, கையை ஓங்கறது, கட்டில்லேர்ந்து குதிக்கிறதெல்லாம் வேற சமாச்சாரம். 1986ல அமெரிக்காவுல மினசோட்டா டாக்டருங்க இதைத் தனி நோயா எழுதினாங்க. 50 வயசுக்கு மேல புதுசா இப்படி ஆரம்பிச்சா நரம்பு டாக்டர்கிட்ட கட்டாயம் காட்டணும். சில பேருக்கு பல வருஷம் கழிச்சு வர்ற பார்க்கின்சன் நோய்க்கு இது முன்னறிவிப்பு.

இனி கை வைத்தியம். நான் பாத்த வரைக்கும்:

1. ஒருக்களிச்சு படுக்கிறது: மல்லாந்தா மட்டும் குறட்டை விடறவங்களுக்கு பலன் உண்டு. பனியன் முதுகுல பாக்கெட் தைச்சு டென்னிஸ் பந்து வைக்கிற வித்தை வெளிநாட்டுலயும் பழசுதான்.

2. எடை குறைக்கிறது: உதவும். ஆனா ஒல்லியா இருக்கிறவங்களுக்கும், தாடை சின்னதா இருந்தா, ஆப்னியா வரும். "நான் ஒல்லிதானே"ன்னு தப்பிக்க முடியாது. எடை குறைக்கிற டிர்செபடைட் ஊசியை, உடல் பருமனோட நடுத்தர, தீவிர ஆப்னியா இருக்கிறவங்களுக்குன்னு அமெரிக்காவுல 2024 டிசம்பர்ல அனுமதிச்சாங்க. டாக்டர் சொல்லாம தொட வேண்டாம்.

3. வாயில பிளாஸ்திரி ஒட்டறது: மூச்சே திணறுதுன்னு சந்தேகம் இருக்கிற ஆளுக்கு வாயை ஒட்டறது எந்த ஊரு புத்திசாலித்தனம்?

4. ஊதறது: சிரிக்காதீங்க. சுவிட்சர்லாந்துல 25 பேரை வச்சு, ஆஸ்திரேலியப் பழங்குடிகளோட டிட்ஜெரிடூங்கிற நீளக் குழலை பாதிப் பேருக்குக் கத்துக்கொடுத்து 4 மாசம் ஊத விட்டாங்க. பகல் தூக்கம் குறைஞ்சுது, பக்கத்துல படுத்தவங்களுக்கும் தொல்லை குறைஞ்சுது. 2006ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்தது. 2017ல அதுக்கு இக்நோபல் 'அமைதி'ப் பரிசு வேற! நாதஸ்வரத்தை வச்சு யாராவது பண்ணுங்கப்பா. ரங்கமணிக்குச் சொன்னேன், "குறட்டையே தேவலை"ன்னு பக்கத்து வீட்டுலேர்ந்து பதில் வரும்னார்.

எங்க கதை சி-பாப்ல முடிஞ்சுது. வீட்டுலயே ஒரு ராத்திரி மூக்குல குழாய், நெஞ்சுல பெல்ட், விரல்ல கிளிப்புன்னு மாட்டி பரிசோதனை. மணிக்கு 34 தடவைன்னு வந்துச்சு. அந்த மெஷின் பண்றது ரொம்ப எளிமை, காத்தை லேசான அழுத்தத்துல விட்டு தொண்டையை அடைக்க விடாம வச்சிருக்கும். ஆஸ்திரேலியாவுல காலின் சல்லிவன்ங்கிற டாக்டர் கண்டுபிடிச்சு 1981ல எழுதினார். முதல் ரெண்டு வாரம் நடுராத்திரி கழட்டி வீசிடுவார், நான் எழுந்து மாட்டி விடுவேன். போர் விமானம் ஓட்டற பைலட் பக்கத்துல படுத்திருக்கிற மாதிரி இருக்கும். இப்போ பழகிடுச்சு. சிக்னல்ல கண்ணயர்றது போச்சு. எனக்கு அது போதும்.

கடைசியா அந்தத் தனி படுக்கை விஷயம். பரிசோதனை முடிஞ்சு, வைத்தியமும் நடந்து, அதுக்கப்புறமும் உருளல், உதைத்தல், போர்வை இழுப்பு பாக்கி இருந்தா தாராளமா தனியா படுங்க. இதுக்கு வெளிநாட்டுல 'தூக்க விவாகரத்து'ன்னு பயமுறுத்தற பேரு வச்சிருக்காங்க. எங்க பாட்டி வீட்டுல தாத்தா திண்ணையில, பாட்டி கூடத்துல பேரப்பிள்ளைங்களோட. அதை யாரும் விவாகரத்துன்னு சொல்லல. அவங்களுக்கு ஏழு பிள்ளைங்க :-) டபுள் காட்டுல ஒட்டிப் படுத்தாதான் தாம்பத்யம்னு நாமளா வச்சுக்கிட்டது. நாங்க ரெண்டு சிங்கிள் கட்டில் போட்டு ஒட்டி வச்சிருக்கோம். ரெண்டு மெத்தை, ரெண்டு போர்வை. அவர் உருண்டா என் பக்கம் ஆடாது. மூச்சு நின்னா மட்டும் காதுல விழும்.

இன்னிக்கு ராத்திரி உங்க தங்கமணியோ ரங்கமணியோ தூங்கினப்புறம் ஒரு கால் மணி நேரம் முழிச்சிருந்து கேட்டுப் பாருங்க. சத்தம் மட்டும்னா காதுல பஞ்சு வச்சுக்கலாம். நடுவுல நின்னு நின்னு வந்தா, வீடியோ எடுத்துக்கிட்டு டாக்டரைப் பாருங்க.

டிஸ்கி: பதிவைப் போடறதுக்கு முன்னாடி ரங்கமணிகிட்ட படிச்சுக் காட்டி அனுமதி வாங்கியாச்சு. "நீயும் லேசா விடறே, அதையும் எழுது"ன்னார். எழுதிட்டேன். அடுத்த வாரம் அவர் எண்ணப் போறாராம்.