அரைக்காசும் அரைப்பவுனும்

மோதிரம் தொலைந்தால் புதுக்கோட்டைக்காரர்கள் முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதில்லை. திருக்கோகர்ணம் பிரகதாம்பாளுக்கு வெல்லம் நேர்ந்துகொள்வார்கள். சமஸ்தானத்துச் செப்புக்காசில் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தவள் அவள்தான் (மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'). அதனால்தான் 'அரைக்காசு அம்மன்' என்று பெயர். சமஸ்தானம் 1948-ல் இந்தியாவோடு இணைந்து, காசும் செல்லாமல் போயிற்று. அம்மன் மட்டும் இன்றும் செல்லுபடி!

இப்போது அவளுக்குப் போட்டியாக ஒரு மெஷின். மெட்டல் டிடெக்டர். குச்சி முனையில் வட்டமாக ஒரு காயில், கைப்பிடியில் சின்னத் திரை. மண்ணுக்கு மேல் ஆட்டிக்கொண்டே போனால் 'கீச்' என்று கத்தி, திரையில் ஒரு எண் காட்டும். பெரும்பாலான மாடல்களில் பூஜ்யத்திலிருந்து 99 வரை.

"தங்கத்துக்கு என்ன நம்பர் சார்?"

எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இது. பதில்: தங்கத்துக்கென்று நம்பரே கிடையாது!

காரணம் சுலபம். காயிலிலிருந்து கிளம்பும் காந்தப்புலம் மண்ணுக்குள்ளிருக்கும் உலோகத்தில் குட்டி மின்சாரச் சுழல்களை உண்டாக்குகிறது. அந்தச் சுழல்கள் பதிலுக்கு ஒரு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்புகின்றன. அந்தப் பதில் எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதைத்தான் மெஷின் எண்ணாக மாற்றுகிறது. மின்சாரம் தாராளமாக ஓடும் வெள்ளி, செம்பு என்றால் பெரிய எண். இரும்பு என்றால் அடிமட்டம். தங்கம்? நடுவில் எங்கேயோ. அதுவும் அளவையும் கனத்தையும் பொறுத்தது.

இதில் ஒரு வேடிக்கை. செம்பும் வெள்ளியும் தங்கத்தைவிட நன்றாக மின்சாரம் கடத்துபவை. ஆனால் அவற்றைத் தங்கத்தில் கலந்து 22 காரட் ஆக்கினால், கடத்தும் திறன் கூடுவதற்குப் பதில் குறைகிறது! ஆகவே மெல்லிய மோதிரம் காட்டும் எண்ணையே சிகரெட் பெட்டி ஜிகினாத் தாளும், மாத்திரை அட்டையின் துண்டும் காட்டும். பழைய காலணாச் செப்புக்காசு ஒன்று அரைப்பவுன் மோதிரத்தைவிட உசத்தியான எண் காட்டும். அடகுக் கடைக்காரர் மெஷினை நம்பினால் திவால்தான்.

மோதிரம் முழு வளையமாக இருந்தால் சத்தம் பலமாகக் கேட்கும். ஒரு இடத்தில் உடைந்திருந்தால் சுழல் ஓட வழியில்லாமல் ஈனஸ்வரம். மெல்லிய சங்கிலி சில சமயம் வாயே திறக்காது.

தொலைத்தவர்களுக்கு ஒரு யோசனை. அதே மாதிரி மோதிரம் இன்னொன்று இருந்தால் (கல்யாண ஜோடி மோதிரம் ரொம்ப உத்தமம்) நூலில் கட்டி அதே மண்ணில் போட்டு, மெஷினை ஆட்டிப் பாருங்கள். வருகிற எண்ணைக் குறித்துக்கொண்டு, அதையும் அதன் அக்கம்பக்கத்து எண்களையும் மட்டும் தேடுங்கள். பாதிக் குப்பையாவது குறையும்.

சொந்த மோதிரத்தைத் தேடுவது ஒன்று. புதையல் தேடுவது வேறு. புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்த ஆசை வருவதற்குக் காரணம் இருக்கிறது. 1898-ல் ஆலங்குடிப் பக்கம் கறுக்காக்குறிச்சியில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் ஒரே குவியலாகக் கிடைத்தன. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு பவுன் எடை. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரை சக்கரவர்த்திகள் வரிசையாக இருந்தார்கள். பிரிட்டிஷ் மியூசியத்து ஜி.எஃப். ஹில் அவற்றை ஆராய்ந்து எழுதினார். பத்தில் ஒன்பதுக்கும் மேல், ராஜா முகத்தில் குறுக்கே உளியால் ஒரு வெட்டு! காசாகச் செல்லாமல் வெறும் தங்கமாக்கத்தான் வெட்டினார்கள் என்று ஆராய்ச்சியாளர்களில் ஒரு சாரார் சொல்கிறார்கள்.

ஒரே ஒரு வெட்டுப்பட்ட காசு கிடைத்திருந்தால் "யாரோ விஷமம் பண்ணியிருக்கான்" என்று விட்டிருப்பார்கள். நூற்றுக்கணக்கில் ஒரே மாதிரி வெட்டு என்னும்போதுதான் அது சரித்திரம். ஆளுக்கு நாலாகப் பிரித்து உருக்கியிருந்தால் தோடும் மூக்குத்தியும் மிஞ்சியிருக்கும், கதை மிஞ்சியிருக்காது.

2023-ல் பொற்பனைக்கோட்டையில் தமிழகத் தொல்லியல் துறை தோண்டியபோது ஒரு தங்க மூக்குத்தி கிடைத்தது. எடை கால் கிராம் சொச்சம். கிடைத்த ஆழம் ஒரு மீட்டருக்கும் மேல். அவ்வளவு சின்னப் பொருளை அவ்வளவு ஆழத்தில் சாதாரண டிடெக்டர் மோப்பம் பிடிக்காது. கரண்டியும் பிரஷ்ஷும் பொறுமையும் பிடித்தன. சந்தை விலைக்கு அது பெரிய தொகையில்லை. எந்த மண் அடுக்கில், எந்தப் பானை ஓட்டோடு கிடந்தது என்பதில்தான் அதன் மதிப்பெல்லாம். ராத்திரி மெஷினோடு வந்து குழி பறிப்பவர் முதலில் அழிப்பது அந்த அடுக்கைத்தான்.

சட்டமும் சும்மா இல்லை. 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதென்றால் கலெக்டருக்கு எழுதித் தெரிவித்தாக வேண்டும். (பத்து ரூபாய்! அப்போது அது பெரிய பணம்.) மறைத்தால் ஒரு வருஷம் வரை ஜெயில். ஒழுங்காகச் சொன்னால் கண்டெடுத்தவருக்குப் பங்கு உண்டு. அரசாங்கம் எடுத்துக்கொண்டால் பொருளின் மதிப்புக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தரவும் அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் இருக்கும் இடத்தில் அனுமதியில்லாமல் தோண்டினால் 1958-ம் வருஷத்துச் சட்டம் வேறு காத்திருக்கிறது.

எனவே உழும்போதோ கிணறு வெட்டும்போதோ 'டங்' என்று ஏதாவது தட்டுப்பட்டால், தோண்டுவதை அப்படியே நிறுத்துங்கள். முதல் போன் வி.ஏ.ஓ.வுக்கு. நகைக் கடைக்கு அல்ல!