டென்பிக்கு நாள் பார்ப்பது

வேல்ஸின் தென்மேற்கு மூலையில், கடலை ஒட்டிய பாறை மேட்டில் இருக்கிற சின்ன ஊர் டென்பி. 13ஆம் நூற்றாண்டு மதில், நெளிந்து போகும் தெருக்கள், துறைமுகத்தைப் பார்த்தபடி மஞ்சளும் ரோஸும் நீலமுமாக வண்ணம் பூசிய வீடுகள். படத்தைப் பார்த்தாலே போகத் தோன்றும். லண்டனில் இருக்கும் என் தங்கை மகளுக்கும் தோன்றியிருக்கிறது. "மாமா, நீங்களும் அத்தையும் இங்க இருக்கும்போதே ஒரு வாரம் போயிட்டு வந்துடலாம். எந்த வாரம்னு மட்டும் சொல்லுங்க, வீடு புக் பண்ணிடறேன்" என்றாள். வாடகை, ரேட்டிங், பார்க்கிங் எல்லாவற்றையும் அலசியிருந்தாள். கடல் எங்கே இருக்கும் என்று மட்டும் கேட்கவில்லை.

கேட்கத் தோன்றாததில் ஆச்சரியமில்லை. மெரினாவில் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் வித்தியாசம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். காலையில் பார்த்த இடத்தில்தான் சாயந்திரமும் அலை அடிக்கும். டென்பி இருப்பது பிரிஸ்டல் சானலின் வாய்ப்பக்கம். அட்லாண்டிக் தண்ணீர் அந்தப் புனல் போன்ற வழிக்குள் நுழைந்து, நெருக்கத்தில் மேலே மேலே எழும்புகிறது. பெரிய ஏற்ற நாட்களில் உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் இடையே 7 மீட்டருக்கு மேல், அதாவது இரண்டு மாடி உயரம். ஆறு மணி நேரத்தில் ஏறி, அடுத்த ஆறு மணி நேரத்தில் இறங்கிவிடும்.

இதன் விளைவைத் துறைமுகத்தில் நின்றால் பார்க்கலாம். தண்ணீர் வடிந்த நேரத்தில் படகுகள் ஈர மணலில் ஒருக்களித்துக் கிடக்கும். நங்கூரக் கயிறுகள் பச்சைப் பாசியோடு தொளதொளவென்று தரையில் கிடக்க, பிள்ளைகள் அவற்றைத் தாண்டிக் குதித்து விளையாடுவார்கள். ஆறு மணி நேரம் கழித்து வந்தால் அதே படகுகள் நிமிர்ந்து மிதந்துகொண்டிருக்கும். பிள்ளைகள் ஓடிய இடத்தில் ஆள் மூழ்கும் தண்ணீர்.

எதிரே இருக்கும் கால்டி தீவுக்கு இருபது நிமிடப் படகுப் பயணம். சிஸ்டர்சியன் துறவிகளின் மடம் அங்கே இருக்கிறது. அங்கே செய்யும் சாக்லேட்டும் வாசனைத் திரவியமும் பெயர் பெற்றவை. ஞாயிற்றுக்கிழமை போக முடியாது. மற்ற நாட்களிலும் படகு எங்கே ஏற்றிக்கொள்ளும் என்பதைக் கடல்தான் தீர்மானிக்கும். தண்ணீர் இருந்தால் துறைமுகம், வற்றியிருந்தால் பக்கத்துக் காஸில் பீச். இன்னும் கிட்டத்தில் இருப்பது செயின்ட் கேத்தரின் தீவு. 1860களின் கடைசியில் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பயந்து கட்டிய கோட்டை ஒன்று அதன் தலையில் நிற்கிறது. கடல் வற்றினால் மணலில் நடந்தே போகலாம். ஏறினால் நாலு பக்கமும் தண்ணீர்.

எனவே எந்த வாரம் என்ற கேள்விக்கு நான் எடுத்துப் பார்த்தது வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைத்தான். அமாவாசையும் பௌர்ணமியும் கழிந்து ஒன்றிரண்டு நாளில் வருவது பெரிய ஏற்றமும் பெரிய வற்றமும். டென்பிக் கரையில் அந்த நாட்களின் வற்றம் பகல் ஒன்று, இரண்டு மணி வாக்கில் அமையும். நடுப்பகலில் கடல் எங்கோ போய்விட, கண்ணுக்கெட்டிய மட்டும் மணல். கோட்டைக்கு நடக்க, பாறைக் குட்டைகளில் நண்டு தேட இதுவே நல்ல நேரம். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போய், அஷ்டமி நவமி வரும்போது கணக்கு தலைகீழாகியிருக்கும். ஏற்றமும் அடக்கமாக இருக்கும், மதியத்தில் தண்ணீரும் கரையோரமாக இருக்கும். குளிக்கிறவர்களுக்கு அதிகம் நடக்க வேண்டாம். ஆகஸ்டிலும் 17 டிகிரிக்குப் பக்கமாக இருக்கும் தண்ணீரில் இறங்குகிற தைரியம் அவரவர் பாடு. சரியான நேரத்துக்கு அந்த ஊர் டைட் டேபிளைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

அடுத்தது வீடு. ஊர் மேலே, கடற்கரை கீழே. ஆகவே எத்தனை படுக்கையறை என்பதற்கு முன்னால் எத்தனை படி என்று கேட்கச் சொன்னேன். அத்தையின் முழங்காலுக்கு ஸ்டார் ரேட்டிங் புரியாது. கோடை உச்சத்தில் மதிலுக்குள் பகல் 11 முதல் 5 மணி வரை வண்டிகளை விடுவதில்லை. வாடகை வீட்டுச் சாவி கைக்கு வருவதோ பிற்பகலில். அந்த நேரத்தில் காரோடு போய் நின்றால் பெட்டிகளை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். லண்டனிலிருந்து ஸ்வான்சி பக்கம் ரயில் மாறிப் போனால் ஐந்து மணி நேரம்போல ஆகும். ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் நடந்துவிடலாம். என் ஓட்டு ரயிலுக்கு.

மழை பெய்யும். அதற்கும் திட்டம் வேண்டும். பழைய கோட்டை இடிபாட்டுக்குள் 1878இலிருந்து இயங்கும் மியூசியத்தில், இதே ஊரில் வளர்ந்த ஓவியர்களான அகஸ்டஸ் ஜான், அவர் அக்கா க்வென் ஜான் இருவரின் படங்களும் இருக்கின்றன. செயின்ட் மேரி தேவாலயத்தில் ராபர்ட் ரெக்கார்டின் நினைவுச் சின்னம் இருக்கிறது. 1557இல் வெளியான தன் புத்தகத்தில் சமன் குறியை முதலில் அச்சேற்றியவர் இந்த ஊர்க்காரர். கணக்கில் இரு பக்கத்தையும் சமமாக்கிய மனிதர், மறு வருஷம் லண்டன் சிறையில் செத்துப்போனார்.

நம் பங்கும் இந்த ஊரில் உண்டு, நாம் கேட்காமலே போனது. 18ஆம் நூற்றாண்டின் முடிவில் டென்பி பாழடைந்து கிடந்தது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயச் சாலையில் அதிகாரியாக இருந்து பெரும் பணத்தோடு பிரிட்டன் திரும்பிய வில்லியம் பாக்ஸ்டன், அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே கடல்நீர்க் குளியல் மாளிகை கட்டினார். பணக்காரர்கள் வந்தார்கள், 1863இல் ரயில் வந்து மற்றவர்களையும் கொண்டுவந்தது. வங்காளத்துப் பணம் வேலை செய்த ஊரில் அறை வாடகை கொடுக்கும்போது கொஞ்சம் உரிமையோடு பேரம் பேசலாம் என்று தோன்றுகிறது.

தங்கை மகளின் குழந்தைகளுடைய பள்ளி விடுமுறை ஆகஸ்டை விட்டு நகர விடாது. கோடையில் வீடுகளும் பெரும்பாலும் வாரக் கணக்கில்தான் கிடைக்கும். ஆகவே பௌர்ணமியை ஒட்டித் தொடங்கி அஷ்டமியை ஒட்டி முடியும் வாரத்தைக் குறித்துக் கொடுத்தேன். முதல் பாதியில் மணல், பின் பாதியில் தண்ணீர். சென்னையிலிருக்கும் தங்கை மட்டும் போனில் ஆட்சேபித்தாள்: "அஷ்டமியிலயா அண்ணா குழந்தைகளைக் கடல்ல இறக்குவ?" புறப்படுவது பௌர்ணமியில்தான் என்று சமாதானம் சொன்னேன். டென்பிக் கடலுக்குச் சந்திரன் மட்டும்தான் கணக்கு. ராகு காலம் கிடையாது.