ஐ.என்.எச். கேட்குமா என்று முதல் நாளே பாருங்கள்

திருவள்ளூர் மாவட்டத்துச் சளிக்கு உலக மருத்துவ வரலாற்றில் இடம் உண்டு. செங்கல்பட்டு மாவட்டத்தோடு சேர்ந்திருந்த காலத்தில், 1968-ல், பிசிஜி தடுப்பூசி காசநோயைத் தடுக்கிறதா என்று பார்க்க இந்தப் பக்கத்து ஊர்களில் 3 லட்சத்துக்கும் அதிகமானவர்களைச் சேர்த்து ஆய்வு நடந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்ற கசப்பான உண்மை இங்கிருந்துதான் உலகுக்குத் தெரிந்தது. அதற்கும் முன்பு, 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டில் வைத்தே மாத்திரையால் குணப்படுத்தலாம் என்று 1959-ல் நிரூபித்தது. அந்த மாத்திரைகளில் முக்கியமானது ஐசோனியாசிட். ஆய்வகத்தில் வேலை பார்த்த எங்கள் வாயில் அது எப்போதும் ஐ.என்.எச்.

அம்பத்தூர், ஆவடிப் பக்கம் சளிப் பரிசோதனை செய்தே என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. கண்ணாடித் துண்டில் சளியைத் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் சிவப்புக் குச்சிகளைத் தேடினோம். பிறகு சிபிநாட் வந்தது, ட்ரூநாட் வந்தது. கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கேட்குமா என்பது சில மணி நேரத்தில் தெரிந்துவிடுகிறது. இது பெரிய முன்னேற்றம், குறை சொல்லமாட்டேன். ஆனால் இந்த முதல் பரிசோதனை ஐ.என்.எச். பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. அதற்கு எல்.பி.ஏ. என்ற இன்னொரு பரிசோதனை வேண்டும். விதிமுறைப்படி எல்லா நோயாளிக்கும் அது உண்டு. நடைமுறையில் அது இரண்டாவது வரிசையில் நிற்கிறது, பலருக்கு வந்து சேர்வதே இல்லை.

தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் என் நினைவில் இருக்கிறார். ரிஃபாம்பிசின் கேட்கும் என்று முடிவு வந்ததால் வழக்கமான கூட்டு மாத்திரையைத் தொடங்கினார்கள். இரண்டு மாதம் கழித்தும் சளியில் கிருமி. எல்லோரும் அவரைத்தான் சந்தேகப்பட்டார்கள்: “ஒழுங்கா மாத்திரை போட்டியா?” என்னிடம் வந்து, “ஒரு நாள்கூட விடலக்கா” என்றார். அவர் விடவில்லை. பிறகு வந்த எல்.பி.ஏ. முடிவில் இன்ஹெச்ஏ பகுதியில் மாற்றம் என்று இருந்தது.

அந்த மாற்றம் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிய வேண்டிய விஷயம் அது.

காசநோய்க் கிருமி தன்னைச் சுற்றி மெழுகு போன்ற சுவரைக் கட்டிக்கொள்கிறது. அதற்கு வேண்டிய மைக்கோலிக் அமிலத்தைத் தயாரிக்கும் நொதிகளில் ஒன்று இன்ஹெச்ஏ. ஐ.என்.எச். கிருமிக்குள் போனதும், கேட்ஜி என்ற கிருமியின் சொந்த நொதி அதைத் தூண்டிவிட, அது இன்ஹெச்ஏவைப் பிடித்து முடக்குகிறது. தப்பிக்கக் கிருமி பெரும்பாலும் கேட்ஜியைக் கெடுத்துக்கொள்கிறது. மருந்து மருந்தாகவே மாறாது. இன்னொரு வழி நுட்பமானது. இன்ஹெச்ஏ மரபணு அடங்கிய தொடர் தொடங்கும் இடத்துக்கு 15 டி.என்.ஏ. எழுத்து முன்னால், சி இருக்க வேண்டிய இடத்தில் டி வந்துவிடுகிறது. கிருமியின் 44 லட்சம் எழுத்துகளில் ஒன்றே ஒன்று. நொதியின் வடிவம் துளியும் மாறவில்லை. அது எவ்வளவு தயாராக வேண்டும் என்பது மட்டும் மாறியிருக்கிறது. பட்டறைக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், டிராயிங் அப்படியே இருக்கிறது, ஜாப் கார்டில் எண்ணிக்கையை மட்டும் கூட்டிவிட்டார்கள். மருந்து முடக்க முடக்க, மிச்ச நொதி வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

மற்ற பாக்டீரியாக்கள் பல, பக்கத்துக் கிருமியிடமிருந்து எதிர்ப்பு மரபணுவை வாங்கிக்கொள்ளும். காசநோய்க் கிருமிக்கு அந்த வழி இல்லை. தன்னிடம் உள்ள சுமார் 4,000 மரபணுக்களைக் கூட்டியும் குறைத்தும்தான் அது பிழைக்க வேண்டும், அதில் கைதேர்ந்தும் இருக்கிறது. கேட்ஜியை இழந்த கிருமி, அதனால் வரும் பலவீனத்தை ஈடுகட்ட அஹ்ப்சி என்ற வேறொரு மரபணுவின் கட்டுப்பாட்டுப் பகுதியை மாற்றிக்கொள்வதும் உண்டு. ஆக்சிஜன் குறைந்தால் சுமார் 50 மரபணுக்களைச் சேர்த்து எழுப்பும் ஒரு புரதம் இருக்கிறது. டெல்லி எய்ம்ஸில் ஜெயா தியாகியின் குழு அதற்கு டெவ்ஆர் என்று பெயர் வைத்தது. கிழக்காசியாவில் பரவியுள்ள பெய்ஜிங் வகையிலோ, ஆக்சிஜன் இருக்கும்போதே அந்த மரபணுக்கள் உரக்கப் பேசுகின்றன. காரணம் அங்கேயும் ஒற்றை எழுத்துதான்.

தமிழ்நாட்டில் அதிகம் காணப்படுவது பெய்ஜிங் வகையல்ல, முதல் கிளை எனப்படும் பழைய வம்சம். தென்னிந்திய நோயாளிகளின் கிருமி கினிப்பன்றிகளில் வீரியம் குறைந்து தெரிகிறது என்று மிட்சிசன் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1960-லேயே எழுதினார்கள். வீரியம் குறைவு என்று நாம் நிம்மதியாக இருக்க முடியாது. ஐ.என்.எச்.சுக்கு எதிர்ப்பு வரும்போது, மற்ற வம்சங்களைவிட இந்த முதல் கிளை இன்ஹெச்ஏ வழியை அதிகம் எடுக்கிறது என்று வெவ்வேறு நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் ஊர்க் கிருமிக்குப் பழக்கமான பாதை அது.

2014-16 தேசிய ஆய்வில், புதிதாகக் காசநோய் வந்தவர்களில் 100-க்கு 11 பேரிடம், முன்பே சிகிச்சை பெற்றவர்களில் 25 பேரிடம் ஐ.என்.எச். எதிர்ப்பு இருந்தது. ரிஃபாம்பிசினுக்கும் சேர்த்து எதிர்ப்பு இருந்தவர்கள் புதியவர்களில் 100-க்கு 3 பேருக்கும் குறைவு. அதாவது, ‘ரிஃபாம்பிசின் கேட்கும்’ என்று சந்தோஷமாக அனுப்பி வைக்கப்படுபவர்களில் பலர், நான்கில் ஒரு மருந்து பாதி வேலையே செய்யும் மாத்திரையை விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். கடைசி நான்கு மாதத்தில் மூன்று மருந்துகளே தரப்படும், அதில் ஐ.என்.எச். பலமிழந்தால் ரிஃபாம்பிசின்மேல் பாரம் கூடும். அடுத்து தோற்கப்போவது அதுதான். முன்பே தெரிந்தால் லெவோஃப்ளாக்சசின் சேர்த்த ஆறு மாதச் சிகிச்சை இருக்கிறது.

எந்த மாற்றம் என்பதும் முக்கியம். கேட்ஜி கெட்டிருந்தால் எத்தியோனமைடு என்ற மருந்து இன்னும் பயன்படும். இன்ஹெச்ஏ பெருகியிருந்தால் அது பயன்படாது, ஏனென்றால் அதன் இலக்கும் அதே நொதிதான், ஆனால் ஐ.என்.எச்.சை அதிக அளவில் கொடுத்தால் பலன் கிடைக்க வாய்ப்பு உண்டு. ‘ஐ.என்.எச். எதிர்ப்பு’ என்று மட்டும் எழுதி முடித்துவிடும் தாள் மருத்துவருக்குப் பாதித் தகவலைத்தான் தருகிறது.

ஆகவே முதல் பரிசோதனைக்கு வருகிறவரிடம் அன்றே இரண்டு டப்பா சளி வாங்கி, காசநோய் என்று உறுதியான அதே நாளில் இரண்டாவது டப்பாவை எல்.பி.ஏ.வுக்கு அனுப்புங்கள். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பட்டறைகளில் வேலை செய்கிறவர்கள் பத்து நாளில் ஷிப்ட் மாறுவார்கள், அறை மாறுவார்கள், சிலர் ஊருக்கே போய்விடுவார்கள். மறுபடி சளி கொடுக்க வா என்று போன் செய்தால் எண் உபயோகத்தில் இருக்காது. வேலைக்குப் போகாமல் வந்து நிற்கும் அந்த ஒரு காலைப் பொழுதின் கூலி அவருடையது. அதற்குள் இரண்டு பரிசோதனைக்கும் வேண்டியதை வாங்கிக்கொள்வது நம் வேலை.