வாய் நாற்றம்: வெட்கம் வேண்டாம், வைத்தியம் வேண்டும்!

வாய் நாற்றம் என்றதும் பலருக்குச் சிரிப்பு வருகிறது. அதோடு வாழ்பவருக்கு வருவதில்லை. பக்கத்திலிருப்பவர் முகம் சுளிப்பாரோ என்று அஞ்சி, சங்கக் கூட்டத்தில்கூட வாய் திறக்காத தொழிலாளிகள் உண்டு. தோழர்களே, இது ஒரு நோய். நோய்க்கு வெட்கப்படுவானேன்?

இந்த வெட்கத்தையும் முதலாளிகள் காசாக்கினார்கள். 1879-ல் ஆபரேஷனுக்கான கிருமிநாசினியாகப் பிறந்த லிஸ்டரினை, 1920-களில் அமெரிக்கக் கம்பெனி வாய் நாற்றத்துக்கு மருந்தென்று விளம்பரம் செய்தது. வாய் நாறினால் கல்யாணமே ஆகாது என்று பெண்களைப் பயமுறுத்தி விற்றது. வாசனைத் தண்ணீர் நாற்றத்தைச் சற்று நேரம் மூடும்; ஈறு நோயைத் தீர்க்காது.

பல்லில் படியும் மாவு போன்ற படலம் முழுதும் கிருமிகள். தேய்த்து அகற்றாவிட்டால் அது கல்லாக இறுகிக் காரையாகிறது. ஈறு வீங்கி, இரத்தம் கசிந்து, பல்லைவிட்டு விலகிப் பை போலாகிறது. அதற்குள் பதுங்கிய கிருமிகள் கந்தக வாயுவைக் கக்குகின்றன. அதுவே நாற்றம். கவனிக்காவிட்டால் பல்லைத் தாங்கும் எலும்பும் கரையும்.

பெரும்பாலும் இதற்குக் கத்தி வேண்டாம். டாக்டர் ஈறுக்கு மேலும் கீழுமுள்ள காரையைச் சுரண்டி எடுப்பார். வலித்தால் மரத்துப்போக ஊசி போடுவார். சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பார். ஆழமான பை மிஞ்சினால்தான் ஆபரேஷன் பேச்சு. சுரண்டினால் பல் ஆடிவிடும் என்பது வீண் பயம். பல்லை ஆட்டுவது நோய்தான்.

வீட்டில் காலையும் இரவும் மெல்லிய பிரஷ்ஷால் துலக்குங்கள். செங்கல்தூள், கரித்தூள் வேண்டாம். புகையிலையையும் பீடியையும் விடுங்கள். பீடி பிடிப்பவருக்கு இரத்தக் கசிவு குறைவதால் நோய் மறைந்தே வளரும். சர்க்கரை வியாதி இருந்தால் அதையும் அடக்க வேண்டும்.

சரி, கூலியை இழந்தால்தான் டாக்டரைப் பார்க்கலாம் என்றால் யார் போவார்? உலகில் 100 கோடிக்கு மேற்பட்டோருக்குக் கடும் ஈறு நோய் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2022 அறிக்கை. 1948-ம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த இ.எஸ்.ஐ. திட்டத்தில் ஆலைத் தொழிலாளியின் சம்பளப் பிடித்தமும் இருக்கிறது. விவசாயக் கூலிக்கோ அந்தத் திட்டமும் இல்லை.

ஆகவே நாம் கோருகிறோம்: ஒவ்வொரு இ.எஸ்.ஐ. மருந்தகத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பல் டாக்டரும் கருவிகளும் வேண்டும். வேலை முடிந்து வருபவரை மாலையிலும் பார்க்க வேண்டும்.

ஈறில் இரத்தம் காண்பவர்கள் இந்த வாரமே போய்க் காட்டுங்கள். டாக்டர் இல்லையென்றால், சங்கத்தில் சொல்லி மனு எழுதுங்கள்!