சீட்டும் சேமிப்பும்

போகிமான் என்னும் ஜப்பானிய விளையாட்டுச் சீட்டொன்று 2021-ல் 52 லட்சத்து 75 ஆயிரம் டாலர் மதிப்பில் கைமாறிற்று. அச்செய்தியால் மயங்கி, சீட்டுப் பெட்டிகளை உறை பிரிக்காது பூட்டிவைத்து விலையேற்றத்துக்குக் காத்திருக்க நினைக்கும் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வாலிபர்களுக்கு ஒன்று சொல்வோம்.

அந்தச் சீட்டு 1997, 98-ம் ஆண்டுகளின் சித்திரப் போட்டிகளில் வென்றோருக்கு வழங்கப்பட்டது. உலகில் உள்ளவை ஏறக்குறைய 40. கடைச் சீட்டுகளோ 2023-24-ல் மட்டும் 1,000 கோடிக்கு மேல் அச்சாயின! தட்டுப்பாடு வருவதும் நீங்குவதும் கம்பெனியாரின் திருவுளம். 1 முதல் 10 வரை தரமிட்டு விலையை ஏற்றி இறக்குவோரும் பெரும்பாலும் அமெரிக்கக் கம்பெனியாரே. நம்மவர் கையில் எஞ்சுவது அட்டை.

தூரதேசத்தார் ஆடும் ஆட்டத்துக்கு நம் பணம் பலியாவது இந்நகருக்குப் புதிதன்று. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தது. லண்டன் பங்காளி நடத்திய ஊக வியாபாரத்தால் சென்னைக் குடும்பங்கள் பல சேமிப்பை இழந்தன. அந்தப் புண் ஆறுமுன், 1907-ல், மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலிய கனவான்கள் இந்தியன் வங்கியை நிறுவினர்.

விளையாடுவதற்கு வாங்கும் பிள்ளைகளை நாம் குறை கூறோம். அவர்களுக்கு எட்டாதபடி விலையை ஏற்றும் பதுக்கலையே கண்டிக்கிறோம். கடன்பட்டுப் பெட்டி வாங்குவோர், விற்கும் நாளில் அதை வாங்கப்போகிறவர் யார் என்று இன்றே விசாரித்தறிவாராக.